கடலோரம் குடிபெயரும் முன்

மருந்துச் சீட்டில் விடை எழுத இயலாத கேள்வி ஒன்றைப் பணி ஓய்வு பெற்ற நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். "வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடலாமா, டாக்டர்? கடற்காற்று உடம்புக்கு நல்லதுதானே?"

ஓரிக்கையிலிருந்து வரும் ஒரு தம்பதியரும் இதையே கேட்டனர். கணவருக்கு வயது 68. பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். மனைவி முப்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உண்டு. மகள் புதுச்சேரியில் வசிக்கிறார். வீட்டை விற்றால் அங்கே கடலுக்கு அருகில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கலாம் என்பது திட்டம். அவர்களின் இசைவுடன், பெயரைத் தவிர்த்து, இதனை எழுதுகிறோம்.

இத்தகைய கேள்விக்கு "தாராளமாகப் போங்கள்" என்று எளிதாக விடையளித்த காலமும் எங்களுக்கு உண்டு. அவ்வாறு சென்ற முதியவர் ஒருவர் அடுத்த மே மாதத்திலேயே நினைவு குழம்பிய நிலையில் எங்களிடம் கொண்டுவரப்பட்டார். பக்கவாதம் என்று குடும்பத்தார் அஞ்சினர். இரத்த அழுத்தத்திற்காக அவர் உட்கொண்ட நீர் மாத்திரை, ஓயாத வியர்வை, தாகத்திற்குக் குடம் குடமாகக் குடித்த வெறும் நீர் ஆகிய மூன்றும் சேர்ந்து இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்துவிட்டிருந்தன. அவர் நலம் பெற்றுவிட்டார். அன்று முதல் நாங்கள் இக்கேள்விக்கு விரைந்து விடை சொல்வதில்லை.

வெயிலும் கடலும் உள்ள ஊருக்கு முதுமையில் செல்லும் வழக்கம் குளிர்நாட்டாருடையது. பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் ஊரினர் புளோரிடாவுக்கும் ஸ்பெயினின் தென்கரைக்கும் செல்வதில் பொருள் உண்டு. காஞ்சிபுரத்தாருக்குத் தப்பியோட வேண்டிய பனி எது? நம் மண்ணுக்கு வந்த ஆங்கிலேயரோ வெயிலுக்கு அஞ்சி உதகமண்டலம் ஏறினர்.

கத்திரி வெயில் நாட்களில் காஞ்சிபுரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம்; கடலோரத்தில் பகல் வெப்பம் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆயினும் வெப்பமானி காட்டும் அளவை மட்டும் உடல் கணக்கில் கொள்வதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. நீரும் உப்பும் வீணாகின்றன, குளிர்ச்சி கிட்டுவதில்லை. இரவிலும் புழுக்கம் தணியாவிடில் இதயத்திற்கு ஓய்வு குறைகிறது. இதயச் செயலிழப்பால் நீரை அளந்து குடிக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்களுக்கு இது இருபுறமும் இடர். இடம் மாறுவோர் நீர் மாத்திரையின் அளவைத் தாமே மாற்றாமல், வெயில் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

"கடற்கரையில் என் முழங்கால் வலி குறையுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட வலி உள்ளவர்களுக்குக் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் வலி சற்றுக் கூடுவதாகவே கண்டனர். வேறுபாடு சிறிதே, அது பிரிட்டனின் தட்பவெப்பத்தில் செய்த ஆய்வு என்பதையும் மறக்கலாகாது. எனினும் கடற்காற்று மூட்டுக்கு மருந்து என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. ஈரக் காற்றில் சுவர்ப் பூஞ்சையும் தூசிச் சிற்றுண்ணிகளும் செழிப்பதால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பு கூடுவதும் உண்டு. வைட்டமின் டி வேண்டிக் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்து மொட்டைமாடியிலேயே அதற்கு வேண்டிய வெயில் உண்டு. நாம்தான் வெளியே வருவதில்லை.

முழங்காலுக்கு உண்மையில் உதவுவது நடை. இங்கே புதுச்சேரியின் பக்கம் நாங்கள் பேசியாக வேண்டும். அந்நகரின் கடற்கரைச் சாலை மேடுபள்ளமற்றது. மாலையில் வாகனங்களை அனுமதிப்பதில்லை. காஞ்சிபுரத்தில் யாத்திரிகர் வாகனங்களுக்கு இடையே ஒதுங்கி ஒதுங்கி நடப்பவருக்கு அது பெரும் பேறு. ஜிப்மர் போன்ற உயர் மருத்துவ நிலையமும் அங்கே உண்டு.

ஆனால் வங்கக் கடலோரத்தில் வாழ்வோர் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. குளிர்பெட்டி நின்றுபோனால் என்ன செய்வது, மின்தூக்கி இயங்காவிட்டால் மூட்டு வலியுடன் நான்கு மாடி இறங்குவது எப்படி என்பனவற்றை வீடு பார்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும். குழாய் நீர் உவர்க்கிறதா என்பதையும் சுவைத்துப் பாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிய இடங்கள் பல. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு அது சிறிய செய்தியன்று.

தொலைவையும் கணக்கிட வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தகுதியுள்ளோர்க்கு நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அந்த ஊசியும் ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உங்கள் புதிய வீட்டிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு நேரமாகும்? புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. குடும்ப அட்டையை அங்கே மாற்றினால் தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தகுதி தொடராது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கு வரும் மாத்திரைகளும் உங்களைப் பின்தொடர்ந்து எல்லை கடந்து வரமாட்டா.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், எங்களுக்குக் கேட்கத் தயக்கமான கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. இருவருள் ஒருவர் மறைந்தால், மற்றவர் அந்த வீட்டில் இருப்பாரா? ஓரிக்கையில் அந்த அம்மையார் காலை ஏழு மணிக்கு வாசல் தெளிக்காவிட்டால் எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். கணவருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர் பக்கத்துத் தறிக்காரர். புதிய ஊரில் அத்தகைய ஒருவரைப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். அறுபதுகளின் இறுதியில் அதற்குக் காலம் குறைவு. மறுபுறம், மகள் அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்து நிற்பாள் என்பதும் உண்மை. இதை எடைபோடும் உரிமை அவர்களுடையது.

கேள்வியைக் கேட்டதும் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கணவர், "கடலைப் பற்றித்தான் யோசித்தோம், இதைப் பற்றி யோசிக்கவில்லை" என்றார்.

விற்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள் என்பதே நாங்கள் கூறிய யோசனை. ஓராண்டு முழுதும் இருக்க இயலாவிடில் மே மாதமும் நவம்பர் மாதமும் அங்கே இருந்து பாருங்கள் என்றோம். தை மாதத்தில் கடற்கரையைப் பார்த்து வீடு வாங்குவோர் பலர். அம்மாதத்தில் எந்த ஊரும் இனிமையாகவே இருக்கும். ஓரிக்கைவாசிகளுக்கு இந்த யோசனை புதிதன்று. கணிகண்ணனை மன்னன் நாடுகடத்த, அவருடன் திருமழிசையாழ்வாரும், ஆழ்வார் சொற்படி பெருமாளும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்பது தல வரலாறு. மறுநாள் மூவரும் காஞ்சிக்கே திரும்பினர் என்று அந்த அம்மையாரே எங்களுக்கு நினைவூட்டினார்.

அவர்கள் மே மாதத்தை மகளின் வீட்டருகே வாடகை வீட்டில் கழித்தனர். புறப்படும் முன் நீர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தோம். மருந்துப் பட்டியல், கடைசி எக்கோ அறிக்கை, ஸ்டென்ட் விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு அனுப்பினோம். அம்மையார் தினமும் அரை மணி நேரம் நடந்தாராம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, உறக்கம் மட்டும் கெட்டது என்றார். கணவருக்குப் பேரக்குழந்தையை விட்டு வர மனமில்லை. நவம்பரில் மீண்டும் செல்கின்றனர்.

வீடு இன்னும் விற்கப்படவில்லை. முதியோர் தடுக்கி விழ ஏதுவாகும் என்று நாங்கள் சொன்னதால், கூடத்திலிருந்த தறிக்குழியை மட்டும் மண்ணிட்டு மூடிவிட்டனர்.