மரபணுப் பட்டியலில் நாம் இருக்கிறோமா?

கார்பமசெப்பைன் என்பது வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பழைய மருந்து. கடுமையான முக நரம்பு வலிக்கும் மருத்துவர்கள் அதைத் தருவார்கள். விலையும் அதிகமில்லை. உலகெங்கும் ஏராளமானோர் அதைச் சாப்பிட்டு நலமாக இருக்கிறார்கள்.

ஆனால், மிகச் சிலருக்கு அதே மாத்திரை ஒருசில வாரங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. முதலில் காய்ச்சல் வரும். பிறகு தோல் சிவந்து, கொப்புளம் கட்டி, தீக்காயம் பட்டதுபோல் உரியத் தொடங்கும். வாயும் கண்களும் புண்ணாகிவிடும். இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று பெயர்.

ஐரோப்பிய நாடுகளைவிடத் தைவானிலும் தென்கிழக்காசியாவிலும் இந்தப் பாதிப்பு அதிகமாகக் காணப்பட்டது. மருந்து ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

தைவானில் கிடைத்த துப்பு

2004ஆம் ஆண்டு தைவான் ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். கார்பமசெப்பைன் சாப்பிட்டு இந்நோய்க்கு ஆளான 44 பேரின் மரபணுக்களை அவர்கள் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. ஒருவர்கூட விதிவிலக்கில்லை. அதே மருந்தைச் சாப்பிட்டும் பாதிப்பு ஏற்படாத 101 பேரைச் சோதித்தபோது, மூவரிடம் மட்டுமே அந்த வகை இருந்தது.

எச்எல்ஏ புரதங்கள் நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் அறிவிப்புப் பலகைகள் போன்றவை. உயிரணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவை வெளியே காட்டும். நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி-அணுக்கள் அந்தப் பலகையைப் பார்த்து, இது நம் உடல், அது எதிரி என்று பிரித்தறியும். எச்எல்ஏ-பி*15:02 வகைப் பலகையில் கார்பமசெப்பைன் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்க்கும் டி-அணுக்கள், நம் சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்துத் தாக்கிவிடுகின்றன.

இந்த மரபணு வகை உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும், யாருக்கு ஆபத்து அதிகம் என்பது இப்போது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அடுத்து தைவானின் 23 மருத்துவமனைகள் கைகோத்தன. கார்பமசெப்பைன் தேவைப்பட்ட 4,877 பேரிடம் மருந்து கொடுப்பதற்கு முன்பே மரபணுப் பரிசோதனை செய்தன. எச்எல்ஏ-பி*15:02 இருந்தவர்களுக்கு அந்த மருந்து தரப்படவில்லை. பழைய கணக்குப்படி ஏறத்தாழ 10 பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 2011இல் இந்த முடிவுகள் வெளியாயின.

சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு முதன்முறையாகக் கார்பமசெப்பைன் கொடுப்பதற்குமுன் இந்தப் பரிசோதனையைச் செய்வது வழக்கமான நடைமுறையாகிவிட்டது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இந்த மரபணு வகை அதிகம். இந்தியரிடம் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் ஐரோப்பியர்களை மட்டுமே சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எச்எல்ஏ-பி*15:02 ஐரோப்பியரிடம் மிக மிக அரிது. எத்தனை ஆயிரம் பேரைச் சோதித்தாலும் இந்தத் துப்பு கிடைத்திருக்காது.

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய பெரிய ஆய்வுகளை 2009இல் கணக்கெடுத்தபோது, பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று தெரியவந்தது. 2016இல் அது 81 விழுக்காடாகக் குறைந்தது. ஆசியர்கள் அதிகமாகச் சேர்க்கப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம். ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

ஏற்கெனவே மருத்துவ வசதி குறைந்த மக்களே மரபணுப் பட்டியலிலும் விடுபட்டிருக்கிறார்கள். புதிய சோதனைகளும் மருந்துகளும் வரும்போது, அவை இவர்களுக்குப் பொருந்துமா என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

சரி, எல்லாரிடமும் போய் ரத்தம் எடுத்துவிட்டால் போதாதா? போதாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஹாவசுப்பாய் மக்களின் ரத்தம்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹாவசுப்பாய் எனும் சிறிய பழங்குடி வாழ்கிறது. அவர்களிடையே நீரிழிவு நோய் மிக அதிகம். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். நீரிழிவுக்குக் காரணம் கிடைக்கும், பிள்ளைகளாவது தப்பிப்பார்கள் என்ற நம்பிக்கையில் மக்கள் ரத்தம் கொடுத்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து 2003இல் அவர்களுக்கு வேறு செய்தி தெரியவந்தது. தங்கள் ரத்தம் மனநோய் பற்றிய ஆய்வுக்கும், தங்கள் முன்னோர் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்பட்டிருக்கிறது! அந்தப் பள்ளத்தாக்கில்தான் தங்கள் இனம் தோன்றியது என்பது அம்மக்களின் நம்பிக்கை. ரத்தத்தை அவர்கள் புனிதமாகக் கருதுபவர்கள். தங்களிடம் தெளிவாகச் சொல்லி அனுமதி வாங்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு மொத்தம் 700,000 அமெரிக்க டாலர் வழங்கப்பட்டது. எஞ்சியிருந்த ரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன.

பணம் கிடைத்தது, மாதிரிகளும் வந்தன. ஆனால், ஒருமுறை ஏமாந்த மக்கள் அடுத்த ஆய்வாளரை நம்புவார்களா? நம்பாவிட்டால் பட்டியலில் அவர்களின் இடம் காலியாகவே இருக்கும்.

இதே போன்ற மனக்குறை தென்னாப்பிரிக்காவின் சான் மக்களுக்கும் இருந்தது. 2017இல் அவர்களே ஆய்வாளர்களுக்கு ஒரு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகியவை அதன் அடிப்படை. ஆய்வைத் தொடங்கும் முன்பே எங்களுடன் பேசுங்கள், முடிவுகளை எங்களுக்கும் சொல்லுங்கள், பலனில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது.

நம் பக்கத்தில் நடப்பது

சிங்கப்பூரில் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்த முடிவுகள் 2019இல் வெளியாயின. அவர்களில் 2,780 பேர் சீனர், 903 பேர் மலாய்க்காரர், 1,127 பேர் இந்தியர். சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆய்வில் கண்ட மரபணு மாறுபாடுகளில் பாதிக்கு மேல், அதற்குமுன் எங்கும் பதிவாகாதவை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா நோய்க்கும் மரபணுமீது பழி போட்டுவிடக்கூடாது. வருமானம், உணவு, வேலை, மருத்துவமனைக்குப் போகும் தூரம் ஆகியவையும் உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன. மருந்தகமே இல்லாத கிராமத்துக்கு மரபணு அறிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன பயன்?

மாணவர்களே, என்றாவது உங்கள் வீட்டிலும் யாராவது வந்து ஆய்வுக்காக உமிழ்நீரோ ரத்தமோ கேட்கலாம். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள்? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதானால் மீண்டும் அனுமதி கேட்பீர்களா? முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ள முடியுமா?

பதில்கள் தெளிவாக இருந்தால், பெற்றோருடன் பேசி முடிவெடுங்கள். கூடுமானால் பங்கேற்கவும் செய்யுங்கள். தைவானில் அன்று 44 நோயாளிகள் பங்கேற்றதால்தான், இன்று சிங்கப்பூரில் ஒரு மருத்துவர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்குமுன் பரிசோதித்துப் பார்க்கிறார்.