16,000 லிட்டரும் ஒரு ஓட்டும்

பிரேசிலின் வடகிழக்கு உட்பகுதி வறண்ட பூமிதான். ஆனால் மழையே பெய்யாத பூமி அல்ல. இடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 200 முதல் 800 மில்லிமீட்டர் வரை பெய்யும். பெய்வதெல்லாம் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் என்பதுதான் தொல்லை. மண்ணுக்கடியில் பெரும்பாலும் பாறை. கிணறு வெட்டினாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் ஊறும். பெண்களும் பிள்ளைகளும் கலங்கல் குட்டைக்கு நடந்தார்கள். அதுவும் வற்றினால் தண்ணீர் லாரி வர வேண்டும். லாரி எந்தப் பக்கம் போகும் என்பதில் உள்ளூர் அரசியல்வாதியின் கை இருந்தது. தேர்தல் வந்தால் தண்ணீருக்கு விலை ஓட்டு.

இந்தப் பிடியைத் தளர்த்தியது ஒரு சிமெண்டுத் தொட்டி. அதை வடிவமைத்தவர் பொறியாளர் அல்ல, செர்ஜிப்பே மாநிலத்துக் கொத்தனார் மனோயல் அப்போலோனியோ டி கார்வாலோ. சாவ் பாவ்லோவுக்குப் பிழைக்கப் போய் நீச்சல் குளம் கட்டும் வேலை பார்த்தவர், அந்தக் கைப்பழக்கத்தோடு ஊர் திரும்பினார். மணலும் சிமெண்டும் கலந்து, லேசாக வளைந்த மெல்லிய பலகைகளைத் தரையிலேயே வார்த்துக் காயவைப்பார்கள். பாதி ஆழம் தோண்டிய குழியில் அவற்றை வட்டமாக நிறுத்தி, வெளியே கம்பியை இறுக்கிச் சுற்றிப் பூசிவிட்டால் தொட்டி தயார். மேலே மூடி, தண்ணீர் எடுக்கக் கைப்பம்பு. கூரை அழுக்கைக் கழுவிவரும் முதல் மழையை உள்ளே விடாமல் குழாயைத் திருப்பிவிடுவார்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஓடு வேய்ந்த 40 சதுர மீட்டர் வீட்டில் 500 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். சேதாரம் போனாலும் 16,000 லிட்டர்த் தொட்டி நிரம்பும். ஐந்து பேர் குடும்பத்துக்கு எட்டு மாதம், தலைக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று லிட்டர். குடிக்க, சமைக்க மட்டும். குளிக்க ஆசைப்பட்டால் கணக்கு உதைக்கும்.

1999-இல் உருவான 'ஆசா' என்ற தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு, பத்து லட்சம் தொட்டி என்று இலக்கு வைத்தது. 2003 முதல் மத்திய அரசின் பணமும் சேர்ந்தது. குழியை வீட்டாரே தோண்டுவார்கள். கொத்தனார்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அதனால்தான் 2011-இல் அரசு பிளாஸ்டிக் தொட்டிகளை இறக்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. சில தொட்டிகள் வெயிலில் நெளிந்தும் போயின. ஊருக்குள் சுற்ற வேண்டிய கூலி ஆலைக்குப் போனதே பெரிய குறை என்பேன்.

ஓட்டு விஷயம் வெறும் ஊகமல்ல. பொருளாதார அறிஞர்கள் சிலர் குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு மட்டும் முதலில் தொட்டி கிடைக்கச் செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். தொட்டி கிடைத்தவர்கள் அரசியல்வாதிகளிடம் உதவி கேட்டுப் போவது குறைந்தது. 2012 உள்ளாட்சித் தேர்தலில் பதவியிலிருந்த மேயர்களுக்கு விழுந்த ஓட்டும் குறைந்தது.

அதே 2012-இல் தொடங்கிய நெடும் வறட்சியில் தொட்டிகள் காலியாயின. லாரிகள் மறுபடி வந்தன. கூரையில் விழாத மழையை எந்தத் தொட்டியும் பிடித்துத் தராது. ஆனாலும் லாரி ஊற்றிய தண்ணீரைப் பல வாரம் மூடிவைக்க வீட்டிலேயே இடம் இருந்தது. ஆடு மாடுக்கும் காய்கறிப் பாத்திக்கும் இந்தத் தொட்டி போதாது. அதற்கென்று 52,000 லிட்டரில் இன்னொன்றைக் கட்டுகிறார்கள். அதை நிரப்பக் கூரை பற்றாது. 200 சதுர மீட்டர் சிமெண்டுக் களம் போட வேண்டும்.