வயல் மனையானால் லாபம் யாருக்கு? சுவிட்சர்லாந்தின் பதில்

விவசாய நிலத்தைக் கட்டுமான மண்டலத்தில் சேர்த்துவிட்டால் போதும், ஒரு செங்கல்கூட வைக்காமலே அதன் விலை பல மடங்கு ஏறிவிடும். ஏறிய விலைக்குக் காரணம் உரிமையாளரின் உழைப்பல்ல, அரசின் கையெழுத்து. அப்படியானால் அந்த லாபத்தில் ஊருக்குப் பங்கு உண்டா?

சுவிட்சர்லாந்தின் 1979-ஆம் ஆண்டு நிலத் திட்டமிடல் சட்டம், அடுத்த 15 ஆண்டுகளுக்குத் தேவையான நிலத்தை மட்டுமே மனையாக ஒதுக்கச் சொன்னது. பல ஊராட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிய குடிகள் வந்தால் வரி வரும் என்று தாராளமாக ஒதுக்கின. பொறுத்துப் பார்த்த இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள், கட்டுமான மண்டலத்தின் மொத்தப் பரப்பை 20 ஆண்டுகளுக்கு உறையவைக்க வேண்டும் என்று மக்கள் கையெழுத்தோடு களமிறங்கின. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 2012-இல் சட்டத்தையே திருத்தியது. வணிகர் சங்கம் எதிர்த்து வாக்கெடுப்புக் கோரியது. 2013 மார்ச் 3-இல் 62.9 சதவீதம் பேர் திருத்தத்தை ஆதரித்தனர். மனை நிலம் மிகுந்த வாலே மாநிலம் மட்டுமே எதிர்த்து வாக்களித்தது.

திருத்தத்தின்படி, தேவைக்கு மீறிய மண்டலங்களைச் சுருக்கியாக வேண்டும். புதிதாக மனையாகும் நிலத்தின் விலை உயர்வில் குறைந்தது 20 சதவீதத்தை அரசு எடுத்துக்கொள்ளும். அதையும் உடனே கேட்காது. கட்டடம் எழுப்பும்போதோ நிலத்தை விற்கும்போதோ செலுத்தினால் போதும். வசூலாகும் பணத்திலிருந்து, மனைத் தகுதி இழப்பவர்களில் இழப்பீட்டுக்கு உரியவர்களுக்குப் பணம் தரப்படும். ஒருவரின் யோகத்தில் இன்னொருவரின் நஷ்டத்தை ஈடுகட்டும் இந்த ஏற்பாடுதான் சட்டத்தின் புத்திசாலித்தனம்.

வெறும் அறிவுரையோடும் நிற்கவில்லை. 2014 மே 1 முதல் மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதற்குள் நிபந்தனைகளை நிறைவேற்றாத சூரிக், ஜெனீவா உள்ளிட்ட மாநிலங்கள் புதிய மனை நிலம் ஒதுக்க 2019-இல் மத்திய அரசு தடை போட்டது. பணக்கார மாநிலங்கள் என்று தயவு காட்டவில்லை.

2023-இல் அடுத்த திருத்தம் நிறைவேறியது. கட்டுமான மண்டலத்துக்கு வெளியே நிற்கும் கட்டடங்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், வேண்டாதவற்றை இடிப்பவருக்கு ஊக்கத்தொகை தருவதும் அதன் நோக்கம்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. 20 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு; விரும்பினால் மாநிலங்கள் கூட்டிக்கொள்ளலாம். அந்த அளவோடு நின்றுவிட்ட மாநிலத்தில், உழைக்காமல் வந்த லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் நில உரிமையாளருக்கே போகிறது. இது போதாது.