நிரல் ஏன் உறைகிறது? திரை காட்டும் எண்களை வாசிப்போம்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளி நூலகத்துக்காக சி ஷார்ப் மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தார். தேடல் பெட்டியில் நூலின் பெயரைத் தட்டச்சு செய்தால், பொருந்தும் நூல்கள் கீழே பட்டியலாக வர வேண்டும். இருபது நூல்களோடு சோதித்தபோது உடனே வந்தன. பதிவேட்டிலுள்ள ஆறாயிரம் நூல்களையும் ஏற்றியதும் ஒவ்வோர் எழுத்துக்கும் சாளரம் உறைந்து நின்றது.

அப்போது திரையின் வலப்பக்கத்தில் மையச் செயலகப் பயன்பாடு 25 சதவீதம் என்று தெரிந்தது. "கால்வாசிதானே வேலை நடக்குது? நிரல்ல தப்பில்லைம்மா, கணினிதான் பழசு" என்று சொல்லிவிட்டேன். ஆய்வகத்தில் இருந்த புதிய கணினியிலும் அதே நிரல் உறைந்தது. தவறு என் வாசிப்பில் இருந்தது. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை அதன் பிறகுதான் முறையாகக் கற்றேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எண்கள் எங்கே தெரியும்?

விஷுவல் ஸ்டுடியோவில் ஒரு நிரலைப் பிழைநீக்க முறையில் இயக்கினால் 'டயக்னாஸ்டிக் டூல்ஸ்' என்ற பலகம் திறக்கும். அதில் நினைவகத்துக்கு ஒரு வரைபடமும் மையச் செயலகத்துக்கு ஒரு வரைபடமும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தப் புள்ளியில் நிரல் நிற்கும்போது, அந்த வரியின் முடிவில் வெளிர் நிறத்தில் ஒரு நேரக் குறிப்பும் தோன்றும். இதற்குப் 'பெர்ஃப்டிப்' என்று பெயர்.

25 சதவீதம் என்றால் குறைவா?

இந்தச் சதவீதம், கணினியிலுள்ள எல்லாச் செயலகங்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தலைநிமிராமல் வேலை செய்கிறார், மற்ற மூவர் சும்மா இருக்கிறார்கள் என்றால், அலுவலகத்தின் மொத்த உழைப்பு 25 சதவீதம். ஆனால் அந்த ஒருவருக்கு அது 100 சதவீதம்.

எங்கள் நிரலில் நடந்ததும் அதுவே. சாளரத்தை வரைவது, விசை அழுத்தங்களைக் கவனிப்பது, பட்டியலை நிரப்புவது ஆகிய மூன்றையும் ஒரே இழைதான் செய்துகொண்டிருந்தது. பட்டியலில் அது மூழ்கியதும் மற்ற இரண்டும் நின்றன. அதனால்தான் சாளரம் உறைந்தது.

உங்கள் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்ற இடத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஓர் இழையின் உச்ச அளவு. நான்கு என்றால் 25. எட்டு என்றால் 12.5. வரைபடக் கோடு அந்த உயரத்தில் நேராக ஓடினால், ஓர் இழை திணறுகிறது என்று ஐயப்படலாம்.

எந்த வரி தாமதிக்கிறது?

மையச் செயலக வரைபடம் நோய் இருப்பதைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதற்குப் பெர்ஃப்டிப் உதவும். நிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தும்போது, முந்தைய நிறுத்தத்திலிருந்து இந்த நிறுத்தம் வரை ஆன நேரத்தை அது மில்லிநொடியில் காட்டும்.

கோப்பைப் படிப்பதுதான் தாமதம் என்று மாணவி நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். கோப்பைப் படிக்கும் வரியைத் தாண்டியபோது சில மில்லிநொடிகளே காட்டியது. பட்டியலை நிரப்பும் செயற்கூற்றைத் தாண்டியபோதுதான் நேரம் நொடிக்கணக்கில் ஏறியது. ஒவ்வொரு நூலைச் சேர்க்கும்போதும் பட்டியல் மீண்டும் வரையப்பட்டதே காரணம். முதல் ஐம்பது முடிவுகளை மட்டும் காட்டும்படி மாணவியே நிரலை மாற்றினார். உறைவது நின்றது.

பெர்ஃப்டிப்பை வாசிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

1. எண்ணுக்கு முன்னால் ≤ என்ற குறி இருக்கும். பிழைநீக்கி எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்திருப்பதால், உண்மை நேரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

2. ஒரு செயற்கூறு முதல்முறை இயங்கும்போது கூடுதல் நேரம் பிடிக்கும். சி ஷார்ப் நிரல் இயந்திர மொழிக்கு மாறுவது அப்போதுதான். இரண்டாம், மூன்றாம் முறை காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.

3. இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே பயனர் தட்டச்சு செய்யக் காத்திருந்தால் அந்தக் காத்திருப்பும் கணக்கில் சேரும்.

நினைவகக் கோடு ஏறினால்?

நினைவகக் கோடு ஏறுவதைக் கண்டதும் மாணவர்கள் பதறுவார்கள். சி ஷார்ப்பில் தேவையற்ற நினைவகத்தை அமைப்பே அவ்வப்போது மீட்டுக்கொள்ளும். அவ்வாறு மீட்கும் இடங்களில் வரைபடத்தில் மஞ்சள் குறி தெரியும். ஏறி, குறிக்குப் பின் இறங்கி, மீண்டும் ஏறினால் அது இயல்பு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஒவ்வொரு குறிக்குப் பின்னும் கோடு முன்பைவிட உயரத்திலேயே நின்றால்தான் ஆராய வேண்டும். நீக்க மறந்த தரவு எங்கோ சேர்ந்துகொண்டிருக்கலாம்.

வகுப்பறையில்

நிரல் தாமதமாகும்போது மாணவர்களை மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லலாம். இந்த எண் எதில் எத்தனை பங்கு? எந்த நேரத்துக்கும் எந்த நேரத்துக்கும் இடையே அளக்கப்பட்டது? அப்போது நிரல் என்ன செய்துகொண்டிருந்தது? தம் ஊகத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகு அளந்து ஒப்பிடட்டும். திருத்திய பின், பிழைநீக்கி இல்லாமலும் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். பயனர் காணப்போவது அந்த வேகத்தைத்தான்.

கணினி பழையது என்ற என் சொல்லோடு அந்த மாணவி நின்றிருந்தால், நன்றாக எழுதிய ஒரு நிரலை நூலகத்துக்குத் தராமலே விட்டிருப்பார். மறுமுறை ஒரு மாணவர் உறைந்த சாளரத்தோடு வந்து நின்றால், விடை சொல்வதற்கு முன் அவரோடு அமர்ந்து அந்த எண்களை வாசிப்போம்.