படைமுகாமில் ஒலித்த போல்கா

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியச் சத்தம் நின்றது. இசைத்தட்டுகளும் வானொலியும் மேடைக் கலைஞனின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று வாத்தியக்காரர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ வேலைநிறுத்தம் அறிவித்திருந்தார். தட்டு செய்ய அரக்கும் கிடைக்கவில்லை. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் வரத்து குறைந்தது. கையிருப்பும் ராணுவத்துக்கே போனது.

கடல் கடந்து கிடந்த சிப்பாய்க்கோ பாட்டு வேண்டும். அவனுக்காகவே 1942-இல் ஆயுதப்படை வானொலி பிறந்தது. மறுவருடம் அக்டோபரில் ‘வி-டிஸ்க்’ தட்டுகள் கப்பலேறின. ராபர்ட் வின்சென்ட் என்ற ராணுவ அதிகாரி சங்கத்தைப் பேசி இணங்கவைத்தார். கலைஞர்களுக்குக் கூலி இல்லை, கடையில் விற்கக் கூடாது, வேலை முடிந்ததும் மூல அச்சுகளை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அரக்குக்குப் பதில் வினைல். 12 அங்குல அகலம். கடைத்தட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இது ஒரு பக்கமே ஆறு நிமிடம் ஓடும். பெட்டிக்குள் ஊசியும் சேர்த்து அனுப்பினார்கள். 1949-இல் திட்டம் முடிவதற்குள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் போயிருந்தன.

போல்கா என்பது அக்கார்டியன் ஒலிக்கும் துள்ளல் ஆட்ட இசை. போல்காக்காரர்களின் போர்க்கதை வேறு. கிளீவ்லாந்தின் காலின்வுட் பகுதியில் வளர்ந்த ஸ்லோவேனியக் குடும்பத்துப் பையன் ஃபிராங்கி யாங்கோவிக், வீட்டில் தங்கியிருந்த தொழிலாளி ஒருவரிடம் அக்கார்டியன் கற்றவர். 1943-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். கடல் தாண்டுமுன் விடுப்பில் வந்து, அவசர அவசரமாகப் பல பாட்டுகளைப் பதிந்துவைத்துவிட்டுப் போனார். திரும்புவோமா என்று தெரியாத ஒரு கலைஞன் அப்படித்தானே செய்வான்! ஐரோப்பாவில் நடந்த பல்ஜ் போரில் உறைபனி அவர் கைகால்களைத் தின்றது. வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள் டாக்டர்கள். அவர் சம்மதிக்கவில்லை. மெல்ல மெல்லத் தேறினார். மருத்துவமனையிலேயே ஓர் அக்கார்டியனைக் கொடுத்தார்கள், விறைத்த விரல்கள் அதன் கட்டைகளில் நடந்து பழகின. பிறகு அமெரிக்க ஜெனரல் பாட்டனின் வீரர்களுக்கும் வாசித்தார். செக் நாட்டு ஜரோமிர் வெய்வோடா அமைத்த மெட்டு ‘பீர் பாரல் போல்கா’வாகி, எதிரெதிர் அணிச் சிப்பாய்கள் வாயிலும் புழங்கிய காலம் அது.

ஊர் திரும்பியவர்கள் ஆடக் காத்திருந்தார்கள். 1948-இல் கொலம்பியா கம்பெனி அரைமனதோடு வெளியிட்ட யாங்கோவிக்கின் ‘ஜஸ்ட் பிகாஸ்’ நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் சனிக்கிழமை இரவில் ஆடிய ஆட்டம் ஊர் ஆட்டமானது. அதே வருடம் மில்வாக்கியில் அவருக்குப் ‘போல்கா மன்னர்’ முடிசூட்டினார்கள்.

இன்று அந்த ஆலைகளில் பெரும்பாலானவை இல்லை. ஸ்லோவேனிய, போலந்துத் தெருக்களின் பிள்ளைகள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். ஆட்டக்கூடங்களில் நரைத்த தலைகளே அதிகம். இசைக்கான கிராமி விருதில் 1986-இல் போல்காவுக்கென்று தனிப் பிரிவு வந்தது. முதல் விருது யாங்கோவிக்குக்கே. 2009-இல், போட்டிக்கு வரும் ஆல்பங்கள் குறைந்துவிட்டன என்று அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். வி-டிஸ்குகளின் கதை இதற்கு நேர்மாறானது. போருக்குப்பின் அதிகாரிகள் தேடிப்பிடித்து உடைத்தார்கள்; அப்படியும் சிப்பாய்கள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தவை தப்பின. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றைக் காத்துவருகிறது. சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

போல்கா செத்துவிடவில்லை. ஓஹையோவின் யூக்ளிடில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. விஸ்கான்சின் 1993-இலேயே அதை மாநில நடனமாக்கியது. ஆனால் கிராமியில் இப்போது அது கேஜன், ஹவாய் இசைகளோடு ‘வட்டார வேரிசை’ என்ற ஒரே பிரிவில் நெருக்கியடித்து நிற்கிறது. உழைப்பாளிகளின் இசைக்கு இது நியாயமில்லை. தனிப் பிரிவைக் கிராமிக்காரர்கள் திருப்பித் தர வேண்டும்.