சுவாச ஜுரங்களை எதிர்க்கும் சக்தியும் ஆகாரமும்

வடசென்னைக் கடற்கரையில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயுமாக அமைந்திருக்கிறது எர்ணாவூர். மீன்பிடிப்போரும், தொழிற்சாலைகளில் தினக்கூலிக்கு உழைப்போரும், சிறு கடைக்காரரும் இங்கே நெருங்கி வாழ்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை தொடங்கியதும் சளியும் இருமலும் ஜுரமும் வீடுதோறும் வருவது வழக்கம். ஒரே ஜுரம் ஒரே தெருவில் பரவினாலும் அதன் பலன் எல்லா வீடுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வீட்டுக் குழந்தை நான்கு நாளில் எழுந்து விளையாடுகிறது. மற்றொரு வீட்டுக் குழந்தைக்குச் சளி மார்பில் இறங்கி நிமோனியாவாக முடிகிறது. இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஐக்கிய சங்க அங்கத்தினர்களின் கைக்கு எட்டக்கூடியது ஆகாரம் ஒன்றேயாகலின், அதைப் பற்றி ஆராய்ச்சிகள் கண்ட உண்மைகளை அறிந்துகொள்வது அவசியமாகும்.

1918ஆம் வருஷத்தின் படிப்பினை

1918ஆம் வருஷம் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இந்தியாவினுள் நுழைந்த இன்புளூயன்ஸா என்னும் விஷஜுரம், இரயில் பாதைகளைத் தொடர்ந்து தேசமெங்கும் பரவி, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை மாய்த்தது. அவ்வருஷம் பருவமழை பொய்த்துத் தானிய விலையும் ஏறியிருந்தது. பம்பாய் நகரத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் மாண்டனர் என்றும், ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேரே மாண்டனர் என்றும் கணக்குகள் கூறுகின்றன. நெருக்கமான குடியிருப்பும், பணிவிடை செய்ய ஆளில்லாமையும், போதாத உணவும் ஒன்றுகூடியே இவ்வேற்றுமையை உண்டாக்கின. கிருமி எல்லோரையும் தீண்டியது; மரணமோ இல்லாதவரையே பெரிதும் நாடியது.

குன்னூர் ஆராய்ச்சி

அதே 1918ஆம் வருஷத்தில் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளர் உணவைக் குறித்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் உணவுகளை அவர் வெள்ளெலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும், பாலும் வெண்ணெயும், பருப்பும், பச்சைக் காய்கறிகளும் அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாகவும் பால் மிகச் சிறிதாகவும் கொண்ட சென்னை இராஜதானி உணவை உண்டவை 155 கிராமே இருந்தன. குறைவான உணவை உண்ட எலிகளிடம் நுரையீரல் வியாதிகளும் மிகுந்து காணப்பட்டன. பசி தீர உண்பது வேறு, உடல் நிறைய உண்பது வேறு என்பதை இது தெளிவாக்கிற்று. குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958ஆம் வருஷம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இந்நாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

உடலின் கோட்டையும் அதன் காவலும்

இன்புளூயன்ஸா, தட்டம்மை, கொரோனா முதலிய வியாதிகளை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் மூச்சின் வழியாக உட்புகுகின்றன. மூக்கு முதல் நுரையீரல் வரை ஈரமான மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய ரோமங்கள் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து வெளியே தள்ளுகின்றன. இவ்வுறை பழுதுறாமல் இருப்பதற்கு ஜீவசத்து ஏ வேண்டும். உறையைத் தாண்டிய கிருமியை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் எதிர்க்கின்றன. அவ்வணுக்கள் பெருகுவதற்கும், கிருமியைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாவதற்கும் புரதம் மூலப்பொருளாகும். துத்தநாகம், இரும்பு, ஜீவசத்து சி, ஜீவசத்து டி ஆகியவை இவ்வேலைக்குத் துணை நிற்கின்றன. சேமிப்பு இல்லாத குடும்பம் திடீர்ச் செலவு வந்தால் கடனில் வீழ்வதுபோல, சத்துச் சேமிப்பில்லாத உடல் ஜுரம் வந்தால் தளர்ந்துவிடுகிறது. மேலும், ஜுரத்தில் உடலின் தேவை கூடுகிறது, பசியோ குறைகிறது. ஒரு ஜுரத்தில் இளைத்த குழந்தை தேறுமுன் அடுத்த ஜுரம் வந்தால், நோயால் மெலிவும் மெலிவால் நோயுமாக ஒன்றையொன்று வளர்க்கும்.

திருச்சிராப்பள்ளியில் கண்ட உண்மை

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று உலகப் புகழ் பெற்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 15,419 சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்திய அந்த ஆராய்ச்சியின் முடிவு 1990ஆம் வருஷம் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு வாரந்தோறும் சிறிதளவு ஜீவசத்து ஏ ஓராண்டு கொடுக்கப்பட்டது, மற்றவர்க்குக் கொடுக்கப்படவில்லை. ஜீவசத்து பெற்றவரிடையே மரணம் 54 சதவிகிதம் குறைந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவரும் நெடுநாள் சத்துக்குறைவால் வாடியவருமே மிகுந்த பயனடைந்தனர்.

ஆனால் அதே குழந்தைகளிடம் இருமலும் வயிற்றுப்போக்கும் வந்த தடவைகள் குறையவில்லை. இதுவே கருத்தில் ஊன்றத்தக்கது. நல்லுணவு ஜுரத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடாது; வந்த ஜுரம் உயிரைக் கொண்டுபோகாமல் காக்கும். பிற்காலத்தில் உத்தரப்பிரதேசத்தில் நடந்து 2013இல் வெளியான மிகப் பெரிய ஆராய்ச்சியில் இவ்வளவு பயன் தென்படவில்லை. சத்து குறைந்த இடத்தில் அதை நிரப்புவதால் பெரும்பயன் உண்டு. நிறைந்த இடத்தில் மேலும் கொட்டுவதால் பயனில்லை என்றே பொதுவாகக் கொள்ளலாம்.

அரிசியும் பருப்பும் மருந்தாதல்

சென்னையிலுள்ள தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்ட் மாகாணத்தின் நான்கு ஜில்லாக்களில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஐக்கிய பண்டகசாலைகளுக்கு நேராகப் பொருந்துவது. க்ஷயம் வைரஸால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது. ஆயினும் அதுவும் மூச்சின் வழியாகப் பரவும் நோயே. நோயாளிகளின் வீட்டிலிருந்த ஒரு சாரார்க்கு, ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும், ஜீவசத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. அவர்களிடையே புதிதாக க்ஷயம் காண்பது 39 சதவிகிதம் குறைந்தது. கொடுக்கப்பட்டவை அபூர்வ மருந்துகள் அல்ல. நியாயவிலைக் கடையில் அன்றாடம் நிறுக்கப்படும் பண்டங்களே.

எர்ணாவூர் அடுப்பங்கரை

இப்பகுதியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே குறைவை நிரப்பலாம். நெத்திலியை முள்ளோடு உண்பதால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மத்தி மீனில் ஜீவசத்து டி உண்டு, விலையும் குறைவு. கேழ்வரகுக் கூழ் வழக்கத்தில் உள்ளதே. அதனுடன் பருப்போ மீனோ சேர்ந்தால் பூரணமாகும். முருங்கைக்கீரை, பப்பாளி, பறங்கிக்காய் ஆகியவை ஜீவசத்து ஏ-யாக மாறும் பொருளைத் தருகின்றன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் அது உடலில் நன்கு சேரும். நெல்லிக்காயும் கொய்யாவும் ஜீவசத்து சி மிகுந்தவை. முட்டையும் வேர்க்கடலையும் ஏழை வீட்டுக்கு எட்டுபவை.

வருமானம் அற்றுப்போகும் நாளில் முதலில் தட்டை விட்டு நீங்குபவை மீனும் முட்டையும் பருப்புமே என்பதை மறக்கலாகாது. 2020இல் ஊரடங்கின் போதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி மீன்பிடி தடைப்பட்ட போதும் இக்குப்பங்கள் இதைக் கண்டன. சங்கம் மிகவும் வேண்டப்படுவது அத்தகைய நாளிலேதான்.

தவறான எண்ணங்கள்

“லங்கணம் பரம ஔஷதம்” என்று ஜுரம் கண்ட குழந்தையைப் பட்டினி போடுதல் தீங்கானது. சிறுகச் சிறுகப் பலமுறை கஞ்சியும் குழைந்த பருப்புச் சாதமும் கொடுத்தல் வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. எதிர்ப்புச் சக்தியை ஒரே வாரத்தில் பெருக்குவதாக விளம்பரம் செய்யும் பொடிகளையும் டானிக்குகளையும் நம்பிப் பணம் இழத்தல் வீண். ஜீவசத்து சி மாத்திரையை நாள்தோறும் உண்டாலும் பொதுவாகச் சளி வருவது குறைவதில்லை என்பது பல ஆராய்ச்சிகளின் முடிவு. மிகையுணவும் தீமையே; உடல் பருத்தவரையும் நீரிழிவு உடையவரையும் கொரோனா ஜுரம் மிகக் கடுமையாக வாட்டிற்று. நல்லுணவு தடுப்பூசிக்கு மாற்றாகாது. ஆலைப்புகைக்கும் அது மாற்று மருந்தன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சென்னை இராஜதானியில் 1904ஆம் வருஷம் திருவல்லிக்கேணியில் தோன்றிய ஐக்கிய பண்டகசாலை, நல்ல சரக்கைச் சரியான எடையில் நியாய விலைக்குத் தருவதையே கருத்தாகக் கொண்டது. அவ்வழியில் நின்று ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்.

1. அரிசியோடு பருப்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை ஆகியவை மாதம் முழுவதும் இருப்பில் இருக்குமாறு பார்த்தல்.

2. மழைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் முன்னரே, வருமானம் குன்றும் குடும்பங்களுக்குப் பருப்பும் முட்டையும் தவணையில் வழங்க ஒரு சிறு நிதி ஒதுக்குதல்.

3. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் அளிக்கும் ஜீவசத்து ஏ திராவகமும், 9 மாதம் நிறைந்ததும் போடும் தட்டம்மைத் தடுப்பூசியும் எவருக்கும் தவறாதபடி அங்கன்வாடி ஊழியருக்குத் துணை செய்தல்.

4. கர்ப்பிணிகள், கைக்குழந்தைத் தாய்மார், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் ஜாபிதா ஒன்றை வைத்து, மாதப் பண்டம் வாங்க வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தல்.

மூச்சு வேகமாக இரைத்தாலும், குழந்தையின் விலாப்பக்கம் உட்குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உணவையும் கை மருந்தையும் நம்பியிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஜுரம் வருங்காலத்தை யாரும் முன்னறிந்து சொல்லுதல் அரிது. வரும்போது உடலில் சேமிப்பு இருக்க வேண்டுமாயின், அது வருமுன் பல மாதங்கள் அடுப்பங்கரையில் சேர்ந்திருக்க வேண்டும். பணச் சேமிப்பைப் பழக்கிய சங்கங்கள் இச்சேமிப்பையும் பழக்குதல் தகும்.