பெருந்தொற்றுக் காலச் செவிலியரின் பணிச்சோர்வு: தமிழகச் சூழலை முன்வைத்து

உலக நலவாழ்வு நிறுவனம் தனது பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே குறிக்கிறது. ஆற்றல் வற்றுதல், பணியின்மீது பற்று விலகுதல், செயல்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். தமிழில் இதனை ‘மனச்சோர்வு’ என எழுதுவோரும் உளர். அச்சொல்லோ உளநோய் ஒன்றின் பெயராக நிலைபெற்றுவிட்டது. இது வெறும் சொற்குழப்பம் அன்று. மனச்சோர்வு எனின் சிகிச்சை செவிலியர்க்கு. பணிச்சோர்வு எனின் சீர்செய்ய வேண்டியது பணியமைப்பை.

கொரோனா சிகிச்சைப் பிரிவுகளில் பாதுகாப்புக் கவச உடையை இடையில் கழற்ற இயலாமையால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்த செவிலியர் பலர். பணி முடிந்தபின்னும் வீடு செல்லாது தனித்திருந்தனர். இவ்வுடல் வருத்தத்தைவிட ஆழமானது வேறொன்று. உறவினர் உள்ளே வர இயலாத நிலையில், இறக்கும் தறுவாயிலிருந்தவர் முகத்தருகே கைபேசியைப் பிடித்து நின்றவர்கள் செவிலியரே. ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் 1983இல் விளக்கிய ‘உணர்வுழைப்பு’ என்னும் கருத்தாக்கம் இங்குப் பொருந்தும். முகக்கவசத்துக்குமேல் கண்கள் மட்டுமே தெரிய, ஆறுதலை அக்கண்களாலும் குரலாலும் தர வேண்டியிருந்தது. ஊதியப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

சமூகம் நடந்துகொண்ட முறையும் சீரானதாக இல்லை. 2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டிப் பாராட்டியது. நான்கு வாரங்களில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலடக்கத்தைச் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கித் தடுத்தது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைப் பிணையில் விடமுடியாத குற்றமாக்க, 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் ஏப்ரல் 22இல் அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது.

தாக்குதலுக்குச் சட்டம் வந்தது. பணி நிலையின்மைக்கு வரவில்லை. பெருந்தொற்றின்போது ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் போராட்டத்தில் இறங்கினர். உழைப்புக்கும் அதற்கீடாகக் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இடையிலான சமனின்மையே நலிவை விளைவிக்கும் என்பது யோகன்னஸ் சீக்ரிஸ்டின் கோட்பாடு. அதன்வழி நோக்கின், ஒப்பந்தச் செவிலியர்க்கு யோகாவும் உளவளப் பேச்சும் ஓரளவே உதவும்.

இத்துறையில் பெரிதும் பயன்படும் மாஸ்லாக்கின் வினாநிரல் பணியாளரின் உணர்வுகளையே அளக்கிறது. பணி நிரந்தரமா, ஒப்பந்தமா என்று வினவுவதில்லை. தமிழகத்தில் அதனைக் கையாளும் ஆய்வாளர் அவ்வினாவைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.